பெரிய தாத்தா படம்: வரைஞ்சது யார், எப்போ? பின்பக்கம் ‘தாது வருஷம்’னு இருக்கு

கல்மண்டபம் | 2024 பிப்ரவரி 3, சனி, இரவு 9.12

ராயபுரத்துல பெரியம்மா வீட்டுக் கூடத்துல தொங்குற படம். கறுப்பு வெள்ளை. கரியா பென்சிலான்னு தெரியல. கண்ணாடிக்குள்ள தெரியிற அளவு 18 அங்குல உயரம், 14 அகலம். தலைப்பாகை, கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட கோட்டு, இடுப்புக்கு மேல மட்டும். கண்ணு ரெண்டும் உயிரோட பாக்குற மாதிரி இருக்கும். அவரோட இடது தோள்ல தீப்பெட்டி அளவுக்கு ஒரு மங்கல் திட்டு. மழைத் தண்ணி பட்டதுன்னு பெரியம்மா சொல்றாங்க.

வீட்டுக் கதை: ரவிவர்மாவோட சிஷ்யர் ஒருத்தர் வரைஞ்சது. பின்பக்கப் பிளைவுட் ஒரு மூலையில உடைஞ்சிருக்கு. அந்த வழியா உள்ள இருக்கிற பழைய பலகையில ஊதாப் பென்சில் எழுத்து தெரியுது: ‘தாது’, ஒரு கொக்கி, ‘ஆவணி மீ’, அப்புறம் ‘யஉ’, இன்னொரு கொக்கி, ‘வியாழன்’. தாது வருஷம்னா பஞ்சம் வந்த 1876. ‘ய. உ.’ வரைஞ்சவரோட இனிஷியல்னு நினைக்கிறேன். முன்பக்கம் கையெழுத்து இல்ல. ய.உ. யாருன்னு யாருக்காவது தெரியுமா? விலை எவ்ளோ போகும்?

பஞ்சாங்கக்காரர் | பிப்ரவரி 3, இரவு 9.40

ய.உ. ஓவியர் இல்லை. பன்னிரண்டு.

௰ என்பது பத்து. பார்க்க ‘ய’ போலவே இருக்கும். ௨ என்பது இரண்டு, அப்படியே ‘உ’. ௰௨ = 12. நீங்கள் ‘மீ’ என்று படித்தது ௴, மாதக் குறி. முதல் கொக்கி ௵, வருஷக் குறி. கடைசிக் கொக்கி ௳, தேதிக் குறி. ஆக எழுதியிருப்பது: தாது௵ ஆவணி௴ ௰௨௳ வியாழன்.

பலகை_உளி | பிப்ரவரி 3, இரவு 9.44

ய.உ. அவர்களுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள். பிறந்து 28 நிமிஷத்திலேயே காலமானார்.

தாள்பித்தன் | பிப்ரவரி 3, இரவு 10.30

விலையை இப்போது விடுங்கள். எதையும் கழற்ற வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். ஊதாப் பென்சில் என்றால் பெரும்பாலும் மைப் பென்சில். ஈரம் பட்டால் கரைந்து கத்தரிப்பூ நிறத்தில் பரவும், திரும்ப எடுக்கவே முடியாது. ஈரத்துணி அதன் பக்கமே போகக் கூடாது.

முதலில் போட்டோ எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை, சட்டத்தின் பக்கவாட்டு. பக்கத்தில் ஒரு ஸ்கேல் தெரியட்டும். அடுத்து அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைப் படத்தின் ஓரத்தில் ஏறக்குறையப் படுக்கவைத்த மாதிரி, 10, 15 டிகிரி சாய்வில் பிடித்து இடது, வலது, மேல் என்று மூன்று பக்கமிருந்தும் எடுங்கள். சுரண்டல், ஒட்டு, கட்டம் போட்ட கோடு எல்லாம் அப்போதுதான் எழும்பித் தெரியும். பிறகு நகைப்பட்டறையில் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று. சௌகார்பேட்டைப் பக்கம் நகைப்பட்டறைச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். அதில் ஐந்து இடம் மட்டும் பாருங்கள்: கண்மணி, மூக்குத் துவாரம், பட்டன், தலைப்பாகை மடிப்பு, அந்தத் தோள் திட்டு.

பஞ்சாங்கக்காரர் | பிப்ரவரி 4, ஞாயிறு, காலை 6.15

தாது 60 வருஷத்துக்கு ஒரு முறை வரும். 1876-77, 1936-37, 1996-97. பஞ்சத்தால் பெயர் பெற்றது முதல் தாது, அதனால் எல்லோருக்கும் அதுதான் நினைவுக்கு வருகிறது.

எது என்பதைக் கிழமை சொல்லிவிடும். அறுபது சூரிய வருஷம் என்பது ஏறக்குறைய 21,915 நாள். அதை ஏழால் வகுத்தால் மீதி ஐந்து. ஆகவே அடுத்த சுற்றில் அதே மாதம் அதே தேதி ஐந்து கிழமை தள்ளி விழும், சில சமயம் ஆறு. ஒரே கிழமையில் விழவே விழாது. பழைய பலகை, கல்வெட்டு, கணக்கு நோட்டு எதில் வருஷப் பெயரோடு கிழமையும் இருந்தாலும் இந்தக் கணக்குப் போடலாம்.

1936இல் ஆவணி முதல் தேதி ஆகஸ்ட் 16, ஞாயிறு. பன்னிரண்டாம் தேதி ஆகஸ்ட் 27, வியாழன். 1876இல் ஆவணி 12 ஆகஸ்ட் 26 வாக்கில், சனிக்கிழமை. சங்கிராந்தி நேரக் கணக்கில் ஒரு நாள் முன்பின் ஆனாலும் வெள்ளி அல்லது ஞாயிறுதான் வரும், வியாழன் வராது. உங்களுடையது 1936.

கல்மண்டபம் | பிப்ரவரி 4, காலை 8.02

60 வருஷம் ஒரே ராத்திரியில போச்சு. ரவிவர்மா சிஷ்யர் கதை?

தாள்பித்தன் | பிப்ரவரி 4, காலை 11.20

ரவிவர்மா 1906இல் இறந்துவிட்டார். சிஷ்யர் அதன் பிறகும் முப்பது வருஷம் இருந்திருக்கலாம் என்று வாதாடலாம், தடையில்லை. ஆனால் தமிழ்நாட்டுக் கூடங்களில் தொங்கும் பழைய படங்களில் பாதிக்கு இந்தக் கதை உண்டு. 1894இல் அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கியபின் சாமி படங்கள் வீட்டுக்கு வீடு போயின. ‘அந்த மாதிரிப் படம்’ என்பது நாளடைவில் ‘அவர் ஆள் வரைந்த படம்’ ஆகிவிடுகிறது. கதையைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு தாளில் எழுதி, யார் சொன்னது, எந்த வயதில் கேட்டது என்று குறித்துத் தனியாக வையுங்கள். தேதி போட அதைப் பயன்படுத்தாதீர்கள்.

மின்ட்தெரு_மூலை | பிப்ரவரி 4, மதியம் 1.50

ஆர்ட்ஸ் ஸ்கூல் மாணவரா இருக்கலாமே? அலெக்சாண்டர் ஹன்டர் 1850ல ஆரம்பிச்ச பள்ளிக்கூடம் பிராட்வேயிலதான் இருந்துச்சு. ராயபுரத்துக்கு நடந்து வர தூரம். அங்கே தலைமையில இருந்த ஹேவல் காலத்துப் பையன் யாராச்சும்?

தாள்பித்தன் | பிப்ரவரி 4, மதியம் 2.35

தொடங்கியது பிராட்வேயில்தான். ஆனால் 1850களிலேயே பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் போய்விட்டது, இப்போது கவின்கலைக் கல்லூரி இருக்கும் இடம். ஹேவல் இங்கே இருந்தது 1884 முதல் 1890களின் நடுப்பகுதி வரை. 1936 என்றால் முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, 1929 முதல் 1957 வரை. அதற்குள் அங்கே போகவே வேண்டாம். அது வரைந்த படம்தானா என்பதே முடிவாகவில்லை. ‘கண்ணு உயிரோட பாக்குற மாதிரி’ என்று எழுதினீர்களே, எனக்குச் சந்தேகமே அங்கேதான். லென்ஸ் வரட்டும்.

பலகை_உளி | பிப்ரவரி 5, திங்கள், இரவு 8.10

சட்டம் பற்றி. நான்கு மூலையிலும் இணைப்பைப் பாருங்கள். 45 டிகிரி வெட்டி ஆணி மட்டும் அடித்ததா, உள்ளே மரச் சீவல் செருகியதா? ஆணித் தலை வட்டமா சதுரமா? உப்புக் காத்துல ராயபுரம் ஆணி எல்லாம் துருப்பிடிச்சு ஒரே மாதிரித்தான் தெரியும், அதனால துருவை வைத்து வயசு சொல்லாதீங்க. முக்கியமானது ஆணி ஓட்டை. ஆணி இல்லாத காலி ஓட்டை வரிசையா இருந்தா, சட்டத்தை ஒரு தடவையாவது பிரிச்சு மூடியிருக்காங்க. கண்ணாடியைப் பக்கவாட்டுல ட்யூப்லைட் பிரதிபலிக்கிற மாதிரி பாருங்க. பிம்பம் நெளிஞ்சா இழுத்துச் செய்த பழைய கண்ணாடி. நேரா நின்னா பின்னாடி மாத்தினது.

கல்மண்டபம் | பிப்ரவரி 8, வியாழன், இரவு 10.05

லென்ஸ் வாங்கியாச்சு. பாத்தது:

கண்மணி: கோடே இல்ல. ரொம்ப நைசா, புகை மாதிரி. அதுக்கு மேல வெள்ளைப் புள்ளி மட்டும் பெயின்ட்.
மூக்கு: அதே புகை.
பட்டன்: ஓரத்துல கறுப்புக் கோடு, உள்ள புகை.
தலைப்பாகை: முழுக்கத் துகள் துகளா, கோடு கோடா. புகை இல்ல.
தோள் திட்டு: சுரண்டின மாதிரி. மேல தூவின மாதிரி சாம்பல் நிறம்.

இன்னொண்ணு. சாய்ச்சுப் பாத்தா கீழ் ஓரத்துல இருட்டுப் பகுதியில நீலமா ஒரு பளபளப்பு. ஈயம் பூசின மாதிரி.

காலி ஆணி ஓட்டை இருக்கு, ஆறு. கண்ணாடியில பிம்பம் நெளியுது.

தாள்பித்தன் | பிப்ரவரி 8, இரவு 11.30

அந்த நீலப் பளபளப்பு போதும். அது வெள்ளி. போட்டோத் தாளில் இருக்கும் வெள்ளி பல வருஷம் ஈரக் காற்றில் கிடந்து மேலே வந்து உலோகப் படலமாகப் படியும், இருட்டுப் பகுதியிலும் ஓரத்திலும்தான் முதலில். கரியில் வராது, பென்சிலில் வராது. பென்சில் பளபளக்கும், ஆனால் அது சாம்பல் மினுக்கு, கோட்டின் மேல் மட்டும். இது பரப்பாக நீலமாக இருக்கும்.

உங்கள் படம் புரோமைடு என்லார்ஜ்மென்ட், அதாவது புரோமைடு என்ற போட்டோத் தாளில் பெரிதாக்கி அச்சிட்டது. மேலே கைவேலை. அந்தக் காலத்தில் ‘படம் எழுதிக் கொடுப்பது’ என்றால் பெரும்பாலும் இதுதான். செய்முறை இப்படி: வீட்டில் இருக்கும் சின்ன போட்டோவைக் கண்ணாடித் தகட்டில் காப்பி எடுப்பார்கள். அதைப் பெரிதாக்கிப் பளபளப்பில்லாத புரோமைடு தாளில் வேண்டுமென்றே வெளிறலாக அச்சிடுவார்கள். ஸ்டார்ச் பசையில் அட்டைமேல் ஒட்டிக் காயவைத்து, நுரைக்கல் பொடியைப் பஞ்சில் தொட்டு லேசாகத் தேய்ப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு போகும், கரி பிடிக்கச் சொரசொரப்பும் வரும். பிறகு கரித்தூளைப் பஞ்சிலும் சுருட்டின தாளிலும் எடுத்து நிழல் ஏற்றுவது, ரப்பரால் வெளிச்சம் எடுப்பது, கத்தி முனையால் சுரண்டி நகை மின்னலை எடுப்பது. கண், மூக்கு, உதடு மூன்றையும் நல்ல ஆள் தொடவே மாட்டார், அடியில் இருக்கும் போட்டோவை அப்படியே விட்டுவிடுவார். கண் உயிரோடு இருப்பதன் ரகசியம் அதுதான்.

தலைப்பாகையில் அடியில் புகை இல்லை என்றீர்களே, அதை மறக்காமல் குறித்துவையுங்கள்.

மின்ட்தெரு_மூலை | பிப்ரவரி 9, வெள்ளி, காலை 7.20

தலைப்பாகை கட்டு, மூடின கோட்டு ரெண்டும் வச்சுப் பாத்தா 1900-1915 ஆள். 1936ல இந்த வயசு ஆம்பள கிராப்பும் திறந்த கோட்டுமா இருந்திருப்பார். அதனால மூலப் போட்டோ பழசு, 1936ல பெரிசாக்கியிருக்காங்க.

தாள்பித்தன் | பிப்ரவரி 9, காலை 9.00

மூலப் போட்டோ வேறு, பெரிதாக்கியது வேறு என்பது சரி. உடையை வைத்து வருஷம் சொல்வது ஆபத்து. ஸ்டுடியோவில் கோட்டு மாட்டி வைத்திருப்பார்கள், வருகிறவர் போட்டுக்கொள்வார். நாற்காலியும் பூந்தொட்டியும் திரைச்சீலையும்கூட ஸ்டுடியோ சொத்துதான்.

மின்ட்தெரு_மூலை | பிப்ரவரி 10, சனி, மாலை 5.40

யூ.வி. (புற ஊதா) டார்ச் அடிச்சுப் பாக்கக் கல்மண்டபத்துக்கிட்ட சொல்லியிருந்தேன், தனியா போட்டோ அனுப்பினாரு. தாள் புள்ளிப் புள்ளியா நீல வெள்ளையா மின்னுது. தாளுக்கு வெண்மையூட்டி கலக்கிறது 1950 வாக்கில ஆரம்பிச்சது. அப்போ இது 1936 கிடையாது. பலகை பழசு, படம் புதுசு. முடிஞ்சது கேஸ்.

தாள்பித்தன் | பிப்ரவரி 10, மாலை 6.15

முடியவில்லை. வெண்மையூட்டி கலந்த தாள் சீராக மின்னும், பரப்பு முழுக்க. புள்ளியாக மின்னுவது நூல் பிசிறு. சலவைத்தூளில் அதே வெண்மையூட்டி இருக்கிறது. வேட்டித் துணியால் கண்ணாடி துடைத்திருப்பார்கள். கண்ணாடியை வெறும் கையால் தடவிவிட்டுத் திரும்ப அடித்துப் பாருங்கள், புள்ளி இடம் மாறும். எந்த டார்ச் என்பதும் முக்கியம். மலிவாகக் கிடைப்பது 395 நானோமீட்டர். அதில் ஊதா வெளிச்சமே கண்ணுக்குத் தெரிவதால் எல்லாம் மின்னுகிற மாதிரி இருக்கும். 365 வேண்டும்.

மின்ட்தெரு_மூலை | பிப்ரவரி 10, இரவு 9.55

395தான். புள்ளியும் நகந்துச்சாம். வாபஸ்.

கல்மண்டபம் | பிப்ரவரி 11, ஞாயிறு, காலை 10.10

பிரிக்கலாமா? பெரியம்மா சம்மதிச்சுட்டாங்க. தேவராஜ முதலி தெருவுல ஃபிரேம் கடைக்கு எடுத்துட்டுப் போகவா?

பலகை_உளி | பிப்ரவரி 11, காலை 11.45

கடைக்கு வேண்டாம். அவங்க வேலை புதுசாப் போடுறது. பழைய பலகையும் தாளும் கண் இமைக்கிறதுக்குள்ள குப்பைக்குப் போயிடும், உங்களுக்கு வேண்டியதே அந்தக் குப்பைதான். வீட்டுலயே செய்யலாம். இப்போ பிப்ரவரி, காத்து கொஞ்சம் காய்ஞ்சிருக்கு, நல்ல நேரம். ஐப்பசி, கார்த்திகையில இதைத் தொடவே கூடாது, தாள் நமத்துக் கண்ணாடியில ஒட்டியிருக்கும்.

மேஜை மேல பழைய போர்வை, அது மேல துவைச்ச வெள்ளைத் துணி. ஃபேனை நிறுத்துங்க. படத்தைக் குப்புறப் போடுறதுக்கு முன்னாடி, ஓரத்துல டார்ச் அடிச்சுக் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவுல இடைவெளி இருக்கான்னு பாருங்க. எங்கேயாவது ஈரத் திட்டு மாதிரி கறுப்பா ஒட்டித் தெரிஞ்சா அங்கேயே நிறுத்துங்க, பிரிக்காதீங்க. இல்லைன்னா குப்புறப் போட்டுப் பின்பக்க டேப்பைப் பிளேடால கீறுங்க. ஆணியை நேரா மேல இழுக்காதீங்க, சட்டம் பிளக்கும். குறடால பிடிச்சு லேசா அப்படி இப்படித் திருப்பி, பலகைக்கு இணையா வெளியே இழுக்கணும். துருப்பிடிச்ச தலை முறிஞ்சா விடுங்க, பக்கத்துல போங்க. ஒவ்வொரு அடுக்கையும் எடுத்த வரிசையில, எடுத்த பக்கம் மேலாக, தனித்தனித் தாளில் வச்சு 1, 2, 3 நம்பர். ஒவ்வொண்ணையும் ரெண்டு பக்கமும் போட்டோ. தூசியைக் கூடக் கொட்டாதீங்க, ஒரு கவர்ல போடுங்க.

பலகை_உளி | பிப்ரவரி 11, காலை 11.52

குறடு வழுக்கினா கை கண்ணாடி மேல போகும். கையுறை போட்டுக்குங்க. மேல சொல்ல மறந்துட்டேன்.

கல்மண்டபம் | பிப்ரவரி 18, ஞாயிறு, மாலை 6.30

பிரிச்சாச்சு. ஒட்டல, தப்பிச்சோம். பின்னாலிருந்து வரிசையா:

1. பிளைவுட், மெலிசு.
2. தினத்தந்தி தாள், பாதி. தேதி இருக்கிற மேல்பகுதி இல்ல. ஒரு துணிக்கடை விளம்பரத்துல விலை ‘நயா பைசா’ன்னு போட்டிருக்கு.
3. பழைய மரப்பலகை, ரெண்டு துண்டு சேர்த்தது. அதுலதான் அந்த எழுத்து. அதே ஊதாப் பென்சில்ல கீழ ‘7-8-0’. ஒரு மூலையில கிழிஞ்ச லேபிள், ‘...ஃபிரேம் ... பிராட்வே, மதராஸ்’ மட்டும் படிக்க முடியுது.
4. படம், அட்டையில ஒட்டினது. அட்டைப் பின்பக்கம் காலி. ஓரத்துல பச்சைக் கறை, ராமபாணப் பூச்சி அரிச்ச தடம்.
5. கண்ணாடி.

படத்தோட முழு அளவு 20க்கு 16.

பலகை மேல, படம் தொட்டுட்டு இருந்த பக்கம், பழுப்பு நிறத்துல ஒரு நீள்சதுரம் பதிஞ்சிருக்கு. அட்டை அளவுக்குச் சரியா.

தாள்பித்தன் | பிப்ரவரி 18, இரவு 8.15

அருமையாகச் செய்திருக்கிறீர்கள்.

20×16 போட்டோத் தாளின் வழக்கமான அளவு. வரைதாளாக இருந்தால் அரை இம்பீரியல், 22×15 பக்கம் வந்திருக்கும். புரோமைடு என்பது உறுதி.

நயா பைசா என்ற பெயர் 1957 ஏப்ரல் 1 முதல் 1964 வரைக்கும்தான். அந்தத் தினத்தந்தி அந்த ஏழு வருஷத்துத் தாள். சட்டத்தை ஒருமுறை பிரித்து மூடியது அப்போது, அல்லது அதற்குக் கொஞ்சம் பின்னால், பழைய பேப்பர் எத்தனை மாசம் கிடந்ததோ. வெளிப் பிளைவுட் அப்போது சேர்ந்தது. காலி ஓட்டைகளுக்கும் கணக்கு வந்துவிட்டது.

7-8-0 என்பது ஏழு ரூபாய் எட்டணா. 1957க்கு முந்தின கணக்கு. தேதி எழுதிய அதே பென்சில், அதே பலகை. பிராட்வே லேபிளால் தேதி சொல்ல முடியாது. பிரகாசம் சாலை என்று பெயர் மாறி எத்தனையோ வருஷம் ஆகியும் பஸ்ஸில் ஏறினால் பிராட்வேதான்.

பச்சைக் கறை மயில்துத்தம். பூச்சி வராமலிருக்கப் பசையில் கலப்பார்கள். பூச்சி அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

பழுப்பு நீள்சதுரம்தான் இதில் பெரிய விஷயம். அட்டையில் இருக்கும் அமிலம் பல வருஷம் மரத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தால் இப்படிச் சுடும். இரண்டும் நெடுங்காலம் சேர்ந்தே இருந்திருக்கின்றன. வேறு படத்தின் பலகையை எடுத்து மாட்டியிருந்தால் வேறு அளவில் இரண்டாவது தடம் ஒன்று இருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்து உறுதி செய்யுங்கள்.

கல்மண்டபம் | பிப்ரவரி 18, இரவு 9.00

ஒரே தடம்தான்.

பஞ்சாங்கக்காரர் | பிப்ரவரி 19, திங்கள், காலை 6.05

ஒரு மாற்றுக் கருத்து. நான் கொடுத்த தேதி பலகையில் எழுதிய தேதி. அது படம் செய்த நாள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் இந்த விவாத இழை அப்படியே எடுத்துக்கொண்டு போகிறது. இறந்த நாளாகவும் இருக்கலாம். படத்திறப்புக்காகச் செய்த படங்களில் அப்படி எழுதுவது உண்டு.

சோதிக்க வழி இருக்கிறது. 1936 ஆகஸ்ட் 27 வளர்பிறை, தசமியை ஒட்டி. உங்கள் வீட்டில் அவருக்குத் திவசம் எந்த மாதம், எந்தப் பட்சம்? ஆவணி வளர்பிறை தசமி, ஏகாதசி என்றால் அது இறந்த நாள்.

கல்மண்டபம் | பிப்ரவரி 19, இரவு 9.30

பெரியம்மாகிட்ட கேட்டேன். தை மாசம், தேய்பிறை. அவங்க மாமியார் காலத்துலேர்ந்து அப்படித்தானாம்.

பஞ்சாங்கக்காரர் | பிப்ரவரி 20, செவ்வாய், காலை 6.00

அப்படியானால் இறந்த நாள் இல்லை. விலையும் தேதியும் ஒரே கையால் எழுதியிருப்பதால் கண்ணாடி போட்ட நாள், அல்லது கடையிலிருந்து வாங்கிய நாள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மின்ட்தெரு_மூலை | பிப்ரவரி 20, இரவு 10.15

வரைஞ்சவர் பேர் கிடைக்க வாய்ப்பே இல்லையா? எழும்பூர் ஆவணக் காப்பகத்துல அசைலம் பிரஸ் அல்மனாக் பழைய வால்யூம் பாக்கலாமே. மெட்ராஸ் கடை, தொழில் எல்லாம் வருஷா வருஷம் போட்டிருக்கும்.

தாள்பித்தன் | பிப்ரவரி 21, புதன், காலை 8.40

பார்க்கலாம். 1935, 36, 37 மூன்றையும் எடுத்து, பிராட்வே முகவரியில் இருக்கும் போட்டோகிராபர், சட்டக்காரர் பட்டியலை மட்டும் குறித்து வாருங்கள். ஆங்கிலத்தில் விளம்பரம் கொடுக்க வசதியுள்ள கடைகள்தான் அதில் அதிகம், மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து புரோமைடுக்குக் கரி ஏற்றியவர் பெயர் இருக்காது. அவர்கள் கையெழுத்தும் போடமாட்டார்கள், வேலை ஸ்டுடியோ பெயரில் போகும். அதைவிட மூலப் போட்டோவைத் தேடினால் சீக்கிரம் பலன். அதன் அட்டையில் ஸ்டுடியோ பெயர் அழுத்தி அச்சடித்திருக்கும்.

தோள் திட்டை இப்போது கண்ணாடி இல்லாமல், டார்ச்சைத் தோளுக்குக் கீழே வைத்து, 10 மடங்கில் எடுத்துப் போடுங்கள். தண்ணீர்க் கறை என்று எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் பட்டால் ஓரம் பழுப்புக் கோடாகக் காயும், கரித்தூளை ஓரத்துக்குத் தள்ளியிருக்கும். நீங்கள் சொன்னது சுரண்டலும் தூவலும்.

கல்மண்டபம் | பிப்ரவரி 25, ஞாயிறு, மதியம் 12.20

எடுத்துட்டேன். சுரண்டின இடத்துல நாலு வெளிறல் பட்டை, பக்கத்துப் பக்கத்துல, சாய்வா. ஒவ்வொண்ணும் சுண்டுவிரல் அகலம்கூட இல்ல. மேல சாம்பல் கலர் தூவியிருக்கு.

பலகை_உளி | பிப்ரவரி 25, மதியம் 12.31

விரல்.

தாள்பித்தன் | பிப்ரவரி 25, மதியம் 1.05

விரல்தான். பின்னால் நிற்கும் ஒருவர் அவர் தோளில் கை வைத்திருக்கிறார். மூலம் தனிப் படம் இல்லை, ஜோடிப் படமோ குடும்பப் படமோ. கையைக் கத்தியால் சுரண்டி, பின்னணிச் சாம்பலைத் தெளித்து மூடியிருக்கிறார்கள். சுரண்டின இடத்தில் தாள் சொரசொரப்பாகிவிடும், அங்கே தூசி வேறு விதமாகப் படிந்து, நாளாக ஆக மங்கல் திட்டாகத் தெரிகிறது.

இனித் தேட வேண்டியது: அட்டையில் ஒட்டின குரூப் போட்டோ. கேபினட் அளவு என்றால் அட்டை 4¼க்கு 6½ அங்குலம். குரூப் என்பதால் 10க்கு 8ஆகவும் இருக்கலாம். அவர் உட்கார்ந்திருப்பார். முகத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, கோட்டின் மூன்றாவது பட்டன் சாய்ந்திருக்கிறதா என்பதை ஒத்துப் பாருங்கள். உங்கள் கிளையில் இல்லாவிட்டால் தம்பி, தங்கை வழி வீடுகளில் கேளுங்கள். பெரிய படம் ஒரு வீட்டுக்குப் போனால் சின்னது இன்னொரு வீட்டில் தங்கியிருக்கும். தலைப்பாகையை மட்டும் தேடாதீர்கள். அதன் அடியில் போட்டோ இல்லை, கையால் மட்டும் வரைந்தது என்பதை மறக்க வேண்டாம்.

மின்ட்தெரு_மூலை | பிப்ரவரி 25, மதியம் 1.40

அப்போ நான் தலைப்பாகையை வச்சு 1900-1915னு சொன்னது...

பலகை_உளி | பிப்ரவரி 25, மதியம் 1.42

ய.உ. பக்கத்திலேயே அடக்கம் பண்ணிடலாம்.

கல்மண்டபம் | மார்ச் 10, ஞாயிறு, இரவு 8.50

கிடைச்சுது. தண்டையார்பேட்டையில தாத்தாவோட தங்கச்சி வழி வீட்டுல, பத்திரம் வைக்கிற டிரங்குப் பெட்டியில. 10க்கு 8, தடி அட்டை. அவர் உட்கார்ந்திருக்கார். தலைப்பாகை இல்ல, கிராப்பு, நெத்தியில முடி கொஞ்சம் விலகியிருக்கு. மூணாவது பட்டன் சாய்ஞ்சிருக்கு. பின்னால நிக்கிறது ஒரு அம்மா, கண்டாங்கி மாதிரி சேலை, வலது கை அவர் தோள்ல. பக்கத்துல ரெண்டு பசங்க. அட்டைக் கீழ அழுத்தின முத்திரையில ‘மதராஸ்’ மட்டும் தெளிவு. பின்பக்கம் ஒண்ணும் எழுதல.

அந்தம்மா அவர் சம்சாரம் இல்லையாம், அவங்க படம் வேற இருக்கு, முகம் ஒத்துப்போகல. அக்காவா இருக்கும்னு தண்டையார்பேட்டைக்காரங்க சொல்றாங்க. பெரியம்மா இல்லேங்கறாங்க.

தாள்பித்தன் | மார்ச் 10, இரவு 9.35

முத்திரையை அழுத்தித் தேய்க்காதீர்கள். டார்ச்சை ஓரத்தில் படுக்கவைத்து நான்கு திசையிலிருந்தும் எடுங்கள், ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு திசையில் எழும்பும். நான்கையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பெயரின் பாதி கிடைத்தால் அல்மனாக்கில் மீதியைப் பிடிக்கலாம். இந்த முறை தேடல் குருட்டாம்போக்கு இல்லை.

அந்த அம்மா யார் என்பதற்கு வீட்டுப் பழைய பத்திரம் பாருங்கள். பாகப் பிரிவினை, தானப் பத்திரம் எதிலாவது அக்கா, தங்கை பெயர், கணவர் பெயர், கதவு எண்ணோடு வரும். வில்லங்கச் சான்று ஆன்லைனில் எல்லா வருஷத்துக்கும் எடுக்க முடியாது. கிடைக்காததற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். கதவு எண் பழசு, புதுசு இரண்டையும் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் வேறு வீட்டுக் கதை கைக்கு வரும்.

இரண்டு படத்தையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பெரியதை ஸ்கேனரில் கவிழ்க்கக் கூடாது, கரி ஒட்டிக்கொண்டு வரும். மேலிருந்து கேமராவில் எடுங்கள்.

கல்மண்டபம் | மார்ச் 11, திங்கள், காலை 7.45

சரிங்க. திரும்ப சட்டம் போடணும். பழைய பலகையையே வைக்கவா? விலை கேட்டதை அழிச்சுடலாம்னு பாக்கிறேன்.

பலகை_உளி | மார்ச் 11, காலை 8.20

பலகையைப் படத்தைத் தொடுற மாதிரி வைக்காதீங்க, இன்னும் சுடும். நடுவுல அமிலமில்லாத அட்டை ஒண்ணு, பலகை அதுக்குப் பின்னால, எழுத்து வெளியே தெரியற மாதிரி. மைப் பென்சில் மேல டேப் ஒட்டாதீங்க. தினத்தந்தித் தாளைக் கவர்ல போட்டுத் தனியா வைங்க. முன்பக்கம் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவுல 3 மி.மீ. இடைவெளி வேணும், ஓரத்துல அட்டைப் பட்டை கொடுத்தா போதும். அதே கண்ணாடியைப் போடுங்க, நெளிஞ்சாலும் பரவாயில்ல. மாட்டுறது வெளிச்சுவத்துல வேண்டாம், கூடத்துக்கும் ரூமுக்கும் நடுச்சுவர். கீழ் ரெண்டு மூலையிலயும் பின்னாடி கார்க் துண்டு ஒட்டுங்க, காத்து போகும்.

குரூப் போட்டோவோட நகலை அந்த அட்டைக்கும் பலகைக்கும் நடுவுல வச்சுடுங்க.